குளிர்ந்தால் பிடிக்காது

நைட் ஹால்ட், ஒண்டிக்கடை.
வண்டிக்குள்ளேயே படுக்கை.
கண்ணாடியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
கண்டக்டர் இருதயராஜின் செல்போனில்
எந்த ஊரிலோ பந்தயம்.
எவன் முன்னால் எவன் பின்னால்
எனக்குப் பிடிபடவில்லை.
சக்கரத்துக்குள் மட்டுமே பார்த்தேன்:
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால்
வட்டு சிவந்தது
ஊதிவிட்ட அடுப்புக்கரி மாதிரி.
தாண்டியதும் கறுத்தது.

"கரியேதாண்ணே அது," என்றான்.
இரும்பில்லை.
கரி இழையை அடுக்கி
மாதக்கணக்கில் உலையில் வேகவைத்த கரி.
தூக்கினால் ஒரு கிலோ சொச்சம்.
முந்நூறில் வருகிற காரை
இரண்டு மூச்சுக்குள் எண்பதுக்கு இறக்கும்.
சூடு ஆயிரம் டிகிரி வரை ஏறுமாம்.

ஆயிரமா!
என் டிரம்மில் அதில் பாதி ஏறினால்
நானும் ஐம்பத்தைந்து பேரும்
காபிச் செடிகளுக்கு மேலே
காற்றில் போய்க்கொண்டிருப்போம்.

பதினோரு வருஷமாக இந்த ரூட்.
இருபது கொண்டை ஊசி.
இறக்கத்தில் கியரை விடாதே,
பிரேக்கில் குடியிருக்காதே.
சூடேறினால் லைனிங் தளரும்,
மிதித்தாலும் வண்டி கேட்காது.
ஜன்னல் பக்கம் பலாப்பழ வாசத்தை மீறி
கருகல் வந்தால்
ஓரங்கட்டு.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதம்.

"இது தலைகீழ்ண்ணே.
குளிர்ந்திருந்தா பிடிக்காது.
முந்நூறு நானூறு டிகிரி ஏறணும்.
அதுக்குத்தான் தொடங்கறதுக்கு முன்னாடி
ஒரு சுத்து சும்மா ஓட்டி
மிதிச்சு மிதிச்சு காய வைக்கிறான்."

போர்வையை இழுத்துக்கொண்டேன்.
தூக்கம் வரவில்லை.

போன மாசம் கருப்பூர் நிலத்தைப் பிரிக்கையில்
தம்பி செங்கோடனோடு பேச்சு.
வரப்பில் தொடங்கி
பட்டாவுக்கு வந்து
அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்து
அவன் பெண்டாட்டி பேருக்கும் வந்துவிட்டது.
போதும், போதும் என்று
உள்ளே மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.
எல்லாம் வழுக்கியது.
கடப்பாரை கைக்கு வந்து
தோளுக்கு மேல் ஏறியபோதுதான்
பிடித்தது.
அப்படியே நின்றேன்.
அவனும் நின்றான்.

அந்த வட்டு ஒரு பந்தயத்துக்குத்தான் என்றான் இருதயராஜ்.
ஒவ்வொரு முறை நிற்கும்போதும்
கொஞ்சம் எரிந்து காற்றோடு போய்விடுமாம்.

காலை ஐந்தே முக்கால். முதல் டிரிப்.
கிளம்புமுன்
நின்ற இடத்திலேயே
மூன்று தடவை மிதித்தேன்.
புஸ். புஸ். புஸ்.
"காத்து வீணாப் போகுதுண்ணே,"
விசிலை வாயில் வைத்தபடியே சிரித்தான்.

அடிவாரத்தில் நிறுத்தி
முன் சக்கரத்துக்குக் கிட்டே
புறங்கையைக் கொண்டுபோனேன்.
தொடவில்லை.

மிளகு மூட்டைக்காரி ஜன்னல் வழியே கத்தினாள்:
"என்னய்யா, லீ பஜாருக்கு இன்னிக்குப் போவமா?"

"ஆறட்டும்மா" என்றேன்.
செல்போனை எடுத்து
செங்கோடன் நம்பரைப் பார்த்தேன்.
சிக்னல் இரண்டு கோடு இருந்தது.