இருபது வளைவுக்கு மேலே

"அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது.
பட்டியல் கேட்டால்
முதலாவதாக நிற்கிறது.
பெயர் சரி. அனுமதி சரி.
மறுபடி ஓடவிட்டால்
இல்லை.

ஏற்காட்டில் மூன்று நாளாய் டவர் கிடையாது.
எஸ்டேட் மழைமானிக்கு வேண்டிய நிரலின் மூலத்தை
அஸ்தம்பட்டியில் இறக்கி,
நாலு மணி பஸ் கண்டக்டரிடம்
பென்டிரைவாகக் கொடுத்தனுப்பியிருந்தான் சூசைநாதன்.
ஓட்டின் மேல் மழை,
அளக்க ஆளில்லாமல்.

கம்பைலரைச் சந்தேகித்தேன்.
பாதையை. பென்டிரைவை.
கரண்ட் இரண்டு தரம் போய் வந்த பிறகு
நான் வாங்கிய டிகிரியை.
சன்னலில் சில்வர் ஓக்குகள்
இடுப்புக்கு மேல் இல்லாமல் நின்றன.

பதினொன்றரைக்கு, வேறெதுவும் தோன்றாமல்,
மறைந்த குறிகளைக் காட்டு என்றேன்.
வரிக்கு வரி வாலில்
ஒரு தொப்பி, ஒரு எம்.
ஒன்பதாயிரம் வரிக்கும்.
முதல் வரியில் ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒன்று.
அந்தப் பெயரில் ஷெல் எந்த ஊரிலும் இல்லை.
பொய் சொல்லவில்லை அது;
எந்தக் கோப்பு என்று நான் கேட்கவில்லை.

வாசலோரம் அரைக்கோடு சிக்னல்.
"திறந்தியா சூசை?"
"ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக், அக்கா.
திருத்தி சேவ் பண்ணேன்."

பழைய டைப்ரைட்டரில்
வண்டியைத் திருப்பித் தள்ளும் குறியாம்.
ஒன்பதாயிரம் திருப்பத்தையும்
ஒரே கட்டளையில் துடைத்தேன்.

ஓடியது.
சி கம்பைலர்: ஆம்.
கணித நூலகம்: ஆம்.
ஆம், ஆம், ஆம் என்று
திரை ஏறிக்கொண்டே போய்
அறுபத்து மூன்றாவதில்
சீரியல் போர்ட் நூலகம்: இல்லை.

இது நிஜமாகவே இல்லை.
முதல் பஸ் ஆறேகாலுக்கு.