முதல் வகுப்பு

மடிப்பாக்கம், மூன்றாம் மாடி.
"சொன்ன பேச்சே கேக்கறதில்ல,
அடிச்சாத்தான் அடங்குது"
என்கிறார் கிளாட்சன் சார்.
சோபாவுக்கடியில் மிளகு,
வாலை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு.

தரையில் உட்கார்கிறேன்,
அதற்கு முதுகு காட்டி.
இருபது நிமிடம்.
சார் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
மணிக்கு எண்ணூறு ரூபாய்.

குளிப்பாட்ட, ஊசி போட,
வாயிலிருந்து செருப்பைப் பிடுங்க,
பட்டாசு நாளில் பாத்ரூமில் பூட்ட
எல்லாவற்றுக்கும் கூப்பிட்டது
அந்த ஒரே பெயரைச் சொல்லி.
யார்தான் ஓடி வருவார்கள்?

கொட்டாவி விடுகிறது.
தூக்கமில்லை சார், பயம்.

லிஃப்ட் கதவு திறக்கிறது.
ஒரு காது மட்டும் திரும்பி
மறுபடி என் பக்கம்.

பிறகு முழங்கையில்
ஈரமாய் ஒரு மூக்கு.
நான் அசையவில்லை.

"இன்னிக்கு என்ன கத்துக்கிச்சு?"
"ஒண்ணுமில்ல சார்.
நாளைக்கு நீங்க உட்காருங்க.
கீழே."