நூற்றுப் பதினெட்டு மீற்றர்

தாளில் கோடு நேராகத்தான் போகிறது
சங்கக் கந்தோரிலிருந்து நெல் களஞ்சியத்துக்கு.
படத்துக்குத் தூரம் தெரியாது.
எது எதோடு சேரும் என்பது மட்டும் தெரியும்.

முத்தையன்கட்டு இடதுகரையில்
இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காணி.
சிவப்புத் தலை வைத்த கட்டைகள்,
மண்டையோட்டுப் பலகை,
காயாப் பற்றை.
மாடுகள்கூடச் சுற்றித்தான் போகின்றன.

"இதுக்குள்ளால இழுக்கேலாதோ?"
கொழும்பால் வந்த மதுரங்கன் கேட்டான்.
கேட்டபிறகுதான் பலகையைப் பார்த்தான்.

நாடா பிடித்தோம்.
நேரே என்றால் அறுபத்திரண்டு;
வேலியோரம் போய் மதகு தாண்டினால்
நூற்றுப் பதினெட்டு.
செப்புக் கம்பிக்கு நூறு மீற்றர்தான் மூச்சு.
அதற்கப்பால் தராசு சொன்ன எடை
கந்தோருக்கு வந்துசேரும் என்று நம்பேலாது.

இடையில் ஒரு பெட்டி வேண்டும்,
எட்டு வாயோடு, மழை படாமல்.
இடையில் இருப்பது
புனிதசீலியின் சைக்கிள் கடை.

"கரண்ட் காசு ஆர் கட்டுறது?"
மனேச்சர் மாதம் நானூறு என்றார்.
பம்பை நிறுத்தாமல் அவள் அறுநூறு என்றாள்.

படித்தது நட்சத்திரம்:
நடுப்பெட்டி செத்தால் எல்லாம் ஊமை.
வளையம் என்றால், ஓரிடம் அறுந்தாலும்
மற்றப் பக்கத்தால் சேதி வரும்;
அவ்வளவு கம்பிக்குச் சங்கத்தில் காசில்லை.
வாய்க்கால்போல ஒரே தடத்திலும் கோக்கலாம்.
கடைசி வயற்காரரைக் கேளுங்கள்
அதைப் பற்றி.

எல்லாரும் எல்லாரோடும் என்றால்
ஐந்து பேருக்குப் பத்துக் கம்பி.
அப்படியும் இருந்திருக்கிறோம்.
தறப்பாளுக்குத் தறப்பாள், வாய்க்கு வாய்,
ஆர் இருக்கினம், ஆர் இல்லை என்று.
படம் கீற ஆருக்கும் நேரமிருக்கவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்குப் பச்சை விளக்கு மினுங்கியது
ரியூப் பெட்டிக்கும் ஒட்டுப்பசைக்கும் நடுவில்.
களஞ்சியத்திலிருந்து முதல் எடை வந்தது:
அறுபத்தெட்டு கிலோ, ஒரு மூட்டை, ஈரம் கூட.
புனிதசீலி சாக்கெடுத்துப் பெட்டியை மூடப் போனாள்.
"மூடாதேங்கோ அக்கா, சூடேறும்."

சாக்கை மடித்தபடி கேட்டாள்:
"அந்தக் கட்டையளைப் பிடுங்கினாப் பிறகு
நேரவே இழுத்திடுவியளோ?"

அறுபத்திரண்டு மீற்றர்.
பெட்டி வேண்டியிராது. எந்தப் படமும் அதைத்தான் சொல்லும்.

"இல்லை, இது இஞ்சதான் இருக்கும்" என்றேன்.
மதுரங்கன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
தாளில், கோட்டைவிட்டு விலகி
ஒரு சின்ன வட்டம் போட்டு
அவள் பெயரை எழுதினேன்,
பேனையால்.