துணைக்கால்

எந்தக் கடவுளைப் பற்றிய வரி என்று
சொல்லப் போவதில்லை.
சொன்னால் இப்போதே நீங்கள்
பக்கம் பிரிந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஜாம்பஜாருக்குப் பின்னால்,
மீன்பெட்டித் தண்ணீர் வழியும் சந்தில்
பதினொரு வருடமாக டைப் அடிக்கிறேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி,
யாரோ ஒருத்தியின் முனைவர் பட்டம், ஜாமீன் மனு.
எல்லாவற்றுக்கும் இதே பத்து விரல்.

பரிதியப்பன் கொண்டுவந்த கட்டில்
நாற்பத்தேழாம் பக்கம், ஆறாவது வரி.
அடிவயிற்றில் ஏதோ இறங்கியது.
தினமும் குளித்த ஈரத்தோடு
நான் யாரிடம் பேசுகிறேனோ
அவரை இந்த மனுஷன் அப்படிக் கேட்டிருந்தார்.
‘சார், இது எனக்கு வலிக்குது.’
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘பையன் போன ராத்திரி எழுதினதும்மா.’
அவ்வளவுதான்.
அழிக்கிற பொத்தான்மேல் விரல் கொஞ்சம் இருந்தது.
பிறகு அடித்தேன்,
பிழையில்லாமல்.

புத்தகம் வந்து ஐந்தாம் மாதம்
அந்த ஒரு பக்கத்தை யாரோ படமெடுத்து அனுப்ப
அது நகரம் முழுக்கச் சுற்றி
ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு
எங்கள் சந்துக்கே திரும்பி வந்தது,
நாற்பது பைக்கில்.

எனக்குத் தெரிந்த கொம்பு
எழுத்துக்கு முன்னால் நிற்கும்:
ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு.
இவர்கள் கையில் இருந்தது வேறு.

எங்கள் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொள்ளும்.
எண்ணெய் போடுங்கள் என்று ஹபீப் பாயிடம்
இரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
மேசைக்கடியில், ஒயர்களுக்கு நடுவே
பரிதியப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.
நான் ஷட்டரில் தொங்கினேன்.

அவரைக் காப்பாற்றினேன் என்று எழுதிவிடாதீர்கள்.
அவர்மேல் கோபம் அப்போதும் இருந்தது.
ஆனால் அது என் கோபம்.
அதைக் கட்டையால் செலவழிக்கச் சொல்லி
நான் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

இடைவெளியில் வந்த கல்
ஜெராக்ஸ் கண்ணாடியை உடைத்துத் தாவி
பிரிண்டர் பக்கத்துக் காலண்டரில் பட்டது.
கிழிந்தது அவர் பெயர்,
இவர்கள் யாருக்காக வந்தார்களோ அவருடையது.

எஸ்.ஐ. மாதங்கி தனியாகத்தான் வந்தார்.
ஸ்கூட்டியைச் சந்தின் வாயில் குறுக்கே போட்டு
குனிந்து என்னிடம் கேட்டார்:
‘ஏ ஃபோர் தாள் இருக்கா?’
அரைக்கட்டு கொடுத்தேன்.
‘மனசு புண்பட்டவங்க எல்லாரும் வரிசையா வாங்க.
பேர், அப்பா பேர், விலாசம், போன் நம்பர்,
புண்பட்ட பக்கம், வரி.
கீழ கையெழுத்து.’

தொண்டை நூறு இருந்தது.
பேர் எழுத ஒன்பது.
மற்ற பைக்குகளுக்குத் திடீரென்று
வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பதில் ஒருவர் மட்டும், மருந்துக்கடைப் பை பிடித்தவர்,
நாற்பத்தேழு என்று எழுதினார்.
முழுப் புத்தகமும் படித்திருந்தார்.
எழுதும்போது கை நடுங்கிற்று.
அவருக்கு நாற்காலி போட்டேன்.

கடைசித் தாளை என்னிடமே நீட்டினார் மாதங்கி.
‘உங்களுக்கு?’
புண்பட்டது மேடம், இரண்டு தரம்.
கல்லுக்கு இதோ கையெழுத்து.
வரிக்கு உங்களிடம் வேலையில்லை.

வரிக்கு ஒன்பது பக்கம் அடித்தேன்,
ராத்திரியில், காசில்லாமல்.
ஏன் அவர் கேட்டது தப்பு,
ஏன் நான் இன்னும் காலையில் பேசுகிறேன்,
பிள்ளை இல்லாத வீட்டில் யார் பேசுவார்கள்,
அதற்கு எனக்கும் பதில் தெரியாது என்பது வரை.

மறுவாரம் பரிதியப்பன் திருப்பித் தந்தார்.
ஒரு சொல்கூட ஒப்புக்கொள்ளவில்லை.
ஓரமெல்லாம் கேள்விக்குறி.

தலைப்பில் மட்டும் சிவப்பு மை:
‘என் வதம்’ என்று அடித்திருந்தேன்.
ஒரு துணைக்கால் போட்டு
வாதம் ஆக்கியிருந்தார்.