இரண்டு பாட்டில்

முதலில் அது ஒரு வாசனை.
ஏசி துவாரத்திலிருந்து கொஞ்சம் இனிப்பாக,
இருமல் மருந்தின் மூடியைத் திறந்ததுபோல.
காட்பாடி ஸ்டேஷனில் ஏறியவர்களின்
பையில் ஏதோ கொட்டியிருக்கும் என்று
நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொள்ளச் செலவில்லை.

அப்புறம் ஒரு காலை
சத்துவாச்சாரியில், வண்டி நின்ற சிமெண்டில்
உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.
பக்கத்து வீட்டு விசாலி
முகம் சுளித்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள்.
கறை போனது.
நானும் பார்க்காதவன் ஆனேன்.

வண்டி எனக்கு மட்டும் சொந்தமில்லை.
பகல் எனக்கு, ராத்திரி முனிரத்தினத்துக்கு,
என் மனைவியின் தம்பி.
கடன் பாதிப் பாதி. டீசல் அவரவர்.
ரிப்பேர் என்றால் மட்டும்
கணக்கு தீபாவளி வரை நீளும்.
அதனால் சொல்லவில்லை.
எஞ்சின் ஆறிய பிறகு, துணி சுற்றிய கையால்
மூடியைத் திருகி ஊற்றிவந்தேன்
எங்கள் தெருப் போர்த் தண்ணீரை,
காய்ச்சினால் பாத்திரத்தில்
சுண்ணாம்புக் கோடு விட்டுப்போகும் தண்ணீரை.

மே மாதம், மத்தியானம்.
பின் சீட்டில் ஒரு அம்மா, மகன்,
இருவருக்கும் நடுவே எக்ஸ்ரே உறை.
கிரீன் சர்க்கிள் நெரிசலில்
முள் நடுவை விட்டு எழுந்தது.
ஏசியை அணைத்தேன். ஹீட்டரைத் திருகினேன், முழுசாக.
நாற்பத்தொரு டிகிரி வேலூரில் ஹீட்டர்!
எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம்
நாங்கள் முகத்தில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு.
மகன் வங்காளத்தில் என்னவோ கேட்டான்.
தெரிந்த இந்தியில்,
வண்டிக்கு ஜுரம் என்றேன்.
அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு
முந்தானையால் விசிறினாள்,
எனக்கும் சேர்த்து.
ஆஸ்பத்திரி வாசலில் காசு வாங்க மறந்தேன்.
அவன் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தான்.

கொணவட்டம் வரை
கயிறு கட்டி ஒரு லோடு ஆட்டோ இழுத்தது.
முக்தியார் பானட்டைத் தூக்கினான், தொடவில்லை.
"ஆறட்டும். அவசரப்பட்டுத் தொறந்தவன் மூஞ்சி
இன்னா ஆச்சின்னு அந்த லேத்துக்காரனக் கேளு."
ஒரு டீ, இன்னொரு டீ.
அதற்குள் முனிரத்தினமும் வந்துவிட்டான்.

மூடிக்குள் பச்சை இல்லை.
பாலாற்றில் எப்போதாவது
புதுத் தண்ணீர் வருமே, அந்தக் கலர்.
மேலே மஞ்சளாக ஒரு படலம்.
"ஓட்டைய அடைக்க மஞ்சத்தூள் யார் போட்டது?"
நான் போடவில்லை.
முனிரத்தினம் தன் செருப்பைப் பார்த்தான்.

"தண்ணி எவ்ளோ குடிக்குது?"
வாரம் ஒரு லிட்டர், என்றேன்.
வாரம் ஒரு லிட்டர், என்றான் அவனும்,
அதே மூச்சில்.
முக்தியார் போய் டிக்கியைத் திறந்தான்.
ஸ்டெப்னிக்கு அடியில் என் பாட்டில்.
ஜாக்கிக்குப் பின்னால் அவன் பாட்டில்.
"ஆளுக்கு ஒரு பக்கம் ஒளிச்சி ஊத்திகினு இருந்தா
வண்டி யாராண்ட போய் சொல்லும்?"

கீழே பேசின் வைத்து வடித்தான்.
இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும் என்று
கேனில் ஊற்றி மூடினான்.
கிளாம்ப் தளர்ந்தது. ஹோஸ் பிய்ந்து வந்தது.
ஃபேனைக் கழற்றி, இரண்டு போல்ட்டு,
பழையது மேலே வந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனமாக:
உள்ளே பாதி எங்கள் தெரு.
விரல் பட்ட இடத்தில் தகடு
நமுத்த அப்பளமாய் உதிர்ந்தது.
பிளாஸ்டிக் ஓரத்தில் மயிரிழை விரிசல்.
இவ்வளவுதானா என்று இருந்தது.

புதியது நாலாயிரத்து எண்ணூறு.
ஆளுக்கு ரெண்டு நானூறு.
இந்த முறை யாரும் பேசவில்லை.
கூலண்ட் ஊற்றி, மூடி போடாமல் ஓடவிட்டு
மேல் ஹோஸை அமுக்கச் சொன்னான்.
நான் அமுக்கினேன், மச்சான் ஊற்றினான்.
குப், குப் என்று காற்று வெளியேறியது,
மட்டம் இறங்க இறங்க இன்னும் கொஞ்சம்.
பிறகு மூன்று பேரும் சும்மா நின்றோம்,
ஃபேன் தானாகச் சுற்றுமா என்று.
சுற்றியது.

ராத்திரி ரெண்டு மணிக்கு போன்.
"முள்ளு நடுவுல கீது மாமா."
சரி என்று வைத்துவிட்டேன்.

முன்பக்க இடது பிரேக்கில்
நாலு நாளாய் ஒரு கீச்சு.
அவனுக்கும் கேட்டிருக்கும்.