மான்குர்டுக்கும் வாஷிக்கும் நடுவே

மான்குர்டு தாண்டினால்
வண்டிக்குக் கீழே நிலம் தீர்ந்துபோகும்.
பாலத்தின் மேல் கொஞ்ச நேரம்.
பாலித்தீன் பையில் கட்டிய சாமிப்பூவை
யாரோ கழிமுகத்தில் எறிவார்கள்.
பெண்கள் பெட்டியில் பட்டாணி உரிக்கிறவள்
தலை நிமிரமாட்டாள்.
நான் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்,
இருபத்திரண்டு வருடமாக.
திரும்பிய பக்கமெல்லாம் கடல் இருக்கிற ஊரில்
நீந்தத் தெரியாது எனக்கு.

ஏப்ரலில் ஆபீஸுக்கு ஒரு படிவம் வரும்.
நாற்பத்தொரு பேருடைய இலக்கை
எக்ஸெலில் ஏற்றுவது என் வேலை.
குல்கர்னிக்குப் பன்னிரண்டு சதவீதம்,
ஷபானாவுக்குப் புது வாடிக்கையாளர் ஒன்பது.
கடைசிப் பத்தி, சொந்த இலக்கு.
என் வரிசையில் ஒரு சின்னக் கோடு.
போன வருடத்துக் கோட்டையே நகலெடுத்து ஒட்டுவேன்.
கேட்டால் நேரமில்லை என்று சொல்ல
பதில் தயாராக இருந்தது.
யாரும் கேட்டதில்லை.

நேரமில்லை என்பது பொய்.

அப்பா ஒருமுறை சொன்னார்,
ஈஸ்டர் ஆராதனை முடிந்து, கோயில் வாசலில், எல்லாரும் கேட்க:
"அடுத்த ஈஸ்டருக்குள்ள சொந்தமா ஒரு லாரி."
அந்த ஈஸ்டர் வந்தது.
அதற்கடுத்ததும் வந்தது.
"என்ன தேவசகாயம்,
லாரி டிராபிக்ல மாட்டிக்கிச்சா?"
தாராவியில் அவர் பெயர்
கடைசிவரை லாரிதான்.
பெட்டியைத் தூக்கியபோது பின்னால் ஒருவர்
குரல் தாழ்த்தி, "லாரி கெளம்பிருச்சு" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து நான் எதையும்
வாய்விட்டு வேண்டியதில்லை.
வாங்காத கடனுக்கு வட்டி ஏது?
பீரோவில் மடித்த பட்டு
கட்டாதவரை கறைபடாது.
மடிப்பிலேயே இற்றுப்போகும்,
அவ்வளவுதான்.

போன ஜூலையில் தண்டவாளம் மூழ்கி
கோவண்டிக்கு முன்னால் வண்டி நின்றது.
இறங்கி நடந்தோம்.
தண்ணீர் இடுப்புவரை.
செம்பூர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.
காலுக்கடியில் ஒரு கட்டை தட்டுப்பட்டது,
பிறகு இன்னொன்று.
இதில் தத்துவம் ஒன்றுமில்லை,
புதுச் செருப்பு போனது.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
நான் செத்திருக்கவில்லை.

ரயில் பாஸ் உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு செருகினேன்.
நீச்சல் கற்க வேண்டும் என்று எழுதவில்லை.
"வியாழன். குளம் எங்கே, பார்."
அடுத்த வாரம், "கட்டணம் கேள்."
அதற்கடுத்து, "காலை நனை."
யாரும் பட்டப்பெயர் வைக்க முடியாத அளவுக்குச்
சின்னதாக.

மாநகராட்சிக் குளத்தின் விண்ணப்பத்தில்
தகப்பன் பெயர் கேட்டிருந்தது.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
தேவசகாயம் என்று
முழுசாக எழுதினேன்.

"என்ன கத்துக்கணும்?" என்றாள் மாத்ரே,
கழுத்தில் விசிலோடு.
"ஒண்ணுமில்ல. படியில உக்காரணும்."
என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாளோ,
சரி என்று நகர்ந்தாள்.
மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன்.
ஆறு வயதுப் பிள்ளைகள்
என் தலைக்கு மேலே குதித்தார்கள்.
நடுவில் இரண்டு வாரம் போகவேயில்லை,
மாதவிலக்கு ஒரு வாரம், சோம்பல் ஒரு வாரம்.
திரும்பிப் போன அன்று
முகத்தை நீருக்குள் வைத்து
எட்டுவரை எண்ணச் சொன்னாள்.
மூன்றில் எழுந்தேன், மூக்கெல்லாம் குளோரின்.
சீட்டில் எழுதினேன்: மூன்று.

இந்த ஏப்ரலில் கோட்டை அழித்தேன்.
எட்டு என்று போட்டேன்.
"எட்டு என்ன, சதவீதமா?" என்று மேலே இருந்து மெயில்.
பதில் போடவில்லை இன்னும்.

நேற்று பாலத்தின் மேல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
பட்டாணிக்காரி தலை நிமிர்ந்தாள்.
"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"
இந்தியில்தான் சொன்னேன்.
தமிழில் அந்த வாக்கியம்
எனக்கு இன்னும் வரவில்லை.
"நீச்சல் கத்துக்கறேன்."
ஒரு தோலைப் பிளந்து, மணிகளை உதிர்த்து,
"நாளைக்குக் கேப்பேன், எவ்வளவு ஆச்சுன்னு" என்றாள்.

வயிறு ஒருமுறை புரண்டது.
வண்டி கரை ஏறிவிட்டது.

கேள் என்றேன்.