பின்வாசல் சாவி

முன்பெல்லாம் மூன்றரைக்கு மணியடித்தால்
நாலுக்குப் பூட்டிவிடுவேன்.
இருபத்தாறு வருஷம்.
நோர்மன் பூட்டினால் பூட்டினதுதான் என்பார்
தலைமையாசிரியை திபோடோ.

இப்போது இரவு ஒன்பதாகியும்
பின்வாசலில் பனிக்காலணிகள்,
துடைப்பம் வைக்க இடமில்லாமல்.

முதலில் வந்தது சலவை இயந்திரம்.
ஆற்றோரச் சலவைக்கடை கொடுத்த பழசு.
குழாய் பொருத்தியவன் நான்தான்,
பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எதற்கென்று
முணுமுணுத்துக்கொண்டே.
திங்கட்கிழமை வராத பிள்ளைகளுக்குக்
காய்ச்சல் இல்லை நோர்மன்,
மாற்றுச் சட்டை இல்லை
என்றாள் ஹோதான்.
ஸ்பேனரைத் துடைத்தேன்.
சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.
அறிவியல் கூடத்தில், எலும்புக்கூட்டின் பக்கத்தில்,
வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் கடிதங்களை
வக்கீல் ஒருவர் படித்துச் சொல்கிறார்.
தேவாலயத்துக்காரர்கள் உருளைக்கிழங்கு இறக்குகிறார்கள்,
மசூதிக்காரர்கள் அரிசி.
எது எந்த அலமாரியில் என்பதில்
இரண்டு வாரம் சண்டை;
அலமாரியையே நான் நகர்த்திவைத்ததும் ஓய்ந்தது.

இரவு ஷிஃப்டுக்குப் போகுமுன் ஓர் அப்பா
மகனின் சட்டை சுற்றுவதைப் பார்த்தபடியே
நாற்காலியில் தூங்கிப்போவார்.
அவர் கால்களை எழுப்பாமல்
சுற்றித் துடைக்கப் பழகிவிட்டேன்.

செவ்வாய்தோறும் பல் மருத்துவ வேன்.
அதற்கு மின்கம்பி இழுத்துக் கொடுக்கும்போது
கன்னத்தைப் பிடித்துக்கொண்டதை
ஹோதான் பார்த்துவிட்டாள்.

படிவம் நீட்டினார்கள்.
பிள்ளையின் பெயர்:
நோர்மன் பெல்ட்டியே.
வயது: அறுபத்தொன்று.
பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு:
சாவிக்காரன்.

ஒட்டகச்சிவிங்கி வரைந்த குட்டி நாற்காலி.
முழங்கால் தாடையை இடித்தது.
எத்தனை நாளாய் வலி என்று கேட்டார் டாக்டர்.
காகித ஆலை மூடிய வருஷத்திலிருந்து, என்றேன்.
மனைவியின் வேலை போனது,
அதோடு எங்கள் காப்பீடும்.
அவர் விளக்கைத் திருப்பினார்.
வாயைத் திறந்தபடி கிடந்த எனக்கு
வெளியே பிள்ளைகள்
என் பெயரைச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.
வரிசையில் அவர்களுக்கு முன்னால்
நான் புகுந்துவிட்டேனாம்.

இன்றிரவு பூட்டப் போகையில்
இயந்திரத்துக்குள் ஒற்றைக் காலுறை, நனைந்து.
குதிகாலில் பச்சை நூல் தையல்.
லிபானுடையது.
நாலாம் அறை வெப்பக்குழாயில் போட்டேன்.
காலையில் காய்ந்திருக்கும்.
இன்னொன்று எங்கே என்று
அவனைத்தான் கேட்க வேண்டும்.